இடுப்பு நோ

பேசாலையில் காலை வெயில் கதவிடுக்கு வழியாகத் தொலைக்காட்சியில் விழுகிறது. இடுப்பு நோவென்று கடல் தொழிலுக்குப் போகாத ஜெராட், மகள் ஜப்பானிலிருந்து அனுப்பிய வீடியோ விளையாட்டில் மீன் பிடிக்கிறார். தூண்டிலை எறியுமுன், கடலில் செய்வதுபோலவே சிலுவை போட்டுக்கொள்கிறார். பெரிய மீன் கொளுவுகிறது. கையிலிருக்கும் கொன்ட்றோலர் அதிர்கிறது. எழுந்து நின்று, முதுகை வளைத்து இழுக்கிறார். வாசல் படலை திறக்கும் சத்தம். தொலைக்காட்சியை மட்டும் அணைத்து, கொன்ட்றோலரை உடுத்திருக்கும் சாரத்துக்குள் ஒளித்துப் பாயில் சரிகிறார். மனைவி இமெல்டா வருகிறாள். இன்று தனியே கடலுக்குப் போய்வந்த ஜெராட்டின் தம்பியின் வலையில் மீன் கழற்றிய அவள் கைகளில் செதில்கள் மினுங்குகின்றன. "உங்கட இடுப்புக்குக் கோயிலில மெழுகுதிரி கொளுத்திப்போட்டுத்தான் வாறன்" என்றபடி, ஈரப் பெருவிரலால் அவர் நெற்றியில் சிலுவை போடுகிறாள். "மாதாவே, கால் இப்பிடி நடுங்குதே!" ஜெராட் கண்களை இறுக மூடிக்கொள்கிறார். சாரத்துக்குள் அந்த மீன் இன்னும் துடிக்கிறது.