துணைக்கு ஒரு அண்ணன்

ராணிக்குக் கல் நெஞ்சு என்று அந்தமானின் ஹட் பே தீவு பஜார் முழுக்கப் பேச்சு.

பின்னே? புருஷன் நாகலிங்கத்துக்கு இரண்டு சிறுநீரகமும் நீர்க்கட்டியாகவே வீங்கிப் போய், சென்னையில் இரண்டையும் எடுத்தாயிற்று. இனி டயாலிசிஸ் இருந்தால்தான் உயிர். வாரம் இரண்டு முறை கப்பலேறி போர்ட் பிளேர் போய், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறார். இவள் என்னடாவென்றால், “இனிமே போக வேணாம், வீட்லயே பாத்துக்கலாம்” என்கிறாளாம்!

ஆனால் அவருடைய அண்ணன், துணிக்கடை சந்திரமோகன், ஊர் கையெடுத்துக் கும்பிடும் மனிதர். ஒரு தடவைகூடத் தவறாமல் தம்பிக்குத் துணையாகக் கப்பலேறுகிறவர்.

அன்றைக்கு அவர் பக்கத்து வீட்டு அழகையாவையும் அழைத்துக்கொண்டு நியாயம் கேட்கவே வந்துவிட்டார்.

“வயித்துல குழாயைப் போட்டுத் தண்ணி ஊத்துறதெல்லாம் ஒரு வைத்தியமா? மெஷின்தாம்மா பக்கா!”

“டாக்டரே சொன்னாருங்க பெரியத்தான்” என்றாள் ராணி. “தினம் நாலு தடவை மருந்துத் தண்ணிய வயித்துக்குள்ள விட்டு, கொஞ்ச நேரம் வச்சிருந்து வெளிய எடுத்தாப் போதுமாம். ஆபரேஷன் புண்ணும் ஆறிடுச்சு. எனக்கே செய்யக் கத்துத் தர்றாங்களாம்.”

“கிருமி உள்ள போச்சுன்னா?”

“கையைக் கழுவி, மூக்கு வாய மூடிக்கிட்டு, கதவச் சாத்திட்டுச் செய்வேன். கப்பல்ல வாந்தி எடுத்தே இவரு பாதியாயிட்டாரு. போன வாரம் கடல் சரியில்லன்னு கப்பலே போகல. மூச்சு விட முடியாம கிடந்தாரு. பாத்தீங்கல்ல?”

சந்திரமோகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அவன் என் உசுரும்மா. கூடப் போக எனக்குக் கஷ்டம்னு என்னைக்காவது சொன்னேனா?”

“அரே, இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பாரு!” என்று உச்சுக்கொட்டினார் அழகையா.

ராணிக்கே கூச்சமாகிவிட்டது. இத்தனை பாசக்காரரை எதிர்த்துப் பேசிவிட்டோமே என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்த நாகலிங்கம் மெல்ல வாயைத் திறந்தார்.

“வீட்லயே செஞ்சுக்கிறேண்ணே. இனிமே என்னால கப்பலேற முடியாது.”

நோயாளியே சொல்லிவிட்டார். அழகையா எழுந்து போய்விட்டார். சந்திரமோகனும் வாசல்வரை போனார். அங்கே நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். திரும்பி வந்து ராணியிடம் குரலைத் தாழ்த்தினார்.

“டீக் ஹை, உங்க இஷ்டம். ஆனா தீபாவளி வரைக்குமாவது அவன் மெஷின்லயே இருக்கட்டும்மா. கடைக்குச் சரக்கு எடுக்கணும். நோயாளிகூட வர்றவனுக்குத்தான் கியூவுல நிக்காம கப்பல் டிக்கெட் தர்றான்!”