எட்டு மில்லிமீட்டர்

பம்பு ஆலையில் பிரஸ் மெஷினுக்கு மேலே, யாராவது உட்கார்ந்தால் அலாரம் அடிக்கும் கேமரா வைத்தபோது லென்ஸைத் தேர்ந்தெடுத்தவன் நவநீதன். எட்டு மில்லிமீட்டர் போட்டால் தூணோரம் வரை தெரியும். அங்கேதான் பெண்கள் இரண்டு நிமிடம் கால் நீட்டி உட்காருவார்கள்.

“அந்த மூலைய மட்டும் உட்டுருங்கண்ணா,” என்றாள் பிரஸ்ஸில் வேலை பார்க்கும் கனகமணி. “நாங்க உக்காந்தாலே அதுக்குப் பொறுக்காது. கத்த ஆரம்பிச்சுரும்.”

அவன் பன்னிரண்டைப் பொருத்தினான். மெஷின் முழுதாகத் தெரிந்தது, மூலை தெரியவில்லை. மறுநாள் அந்தப் பெண்கள் ஒரு டப்பா நிறைய வெல்லக் கச்சாயம் சுட்டுக் கொடுத்தார்கள்.

ஆடி மாதத்தில் பாரம் தூக்கும் சங்கிலி அறுந்து ஓர் இரும்பு வார்ப்பு தூணோரம் விழுந்தது. உட்கார்ந்திருந்த கனகமணியின் வலது கை நசுங்கியது. காப்பீட்டு அதிகாரி பதிவைப் பார்த்துவிட்டு, விபத்து நடக்கவில்லை என்றார்.

“ஆறு பேர் நேர்ல பாத்தாங்க சார்,” என்றான் நவநீதன்.

“ஆளுங்க பாத்தத இப்ப எடுத்துக்கறதில்லீங்க. கேமரா பாக்கலையே.”

இரண்டாவது மெஷின் வரிசைக்குக் கேமரா பொருத்தும் நாளில் கனகமணி ஆலை வாசலில் காத்திருந்தாள். வலது கை முழங்கையோடு முடிந்திருந்தது. அவன் தலை குனிந்து நின்றான்.

“உங்களச் சொல்லி என்னண்ணா, கேட்டது நாந்தானே,” என்றாள். “இந்த வரிசைல என் தங்கச்சி நிக்கப்போறா. செவுத்துக்குச் செவுரு தெரியற லென்ஸாப் போடுங்க.”

“அப்புறம் அவ உக்காரவே முடியாதும்மா.”

“நின்னுக்குவாங்கண்ணா.”