பழகாத ஸ்பீக்கர்

ஜொகூர் பாருவில் ஸ்பீக்கர் கடை நடத்தும் விஜயேந்திரனுக்குக் குணாளனின் காதுமேல் தனி மரியாதை. ரெங்கம் என்ற சிற்றூரிலிருந்து ஓராண்டாக வந்து, விலை உயர்ந்த இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டுப் போகிறவர் அவர். இன்று மனைவி மலரையும் அழைத்து வந்திருந்தார்.

“ரெண்டாவது ஜோடியைக் கட்டிக் குடுங்க பாஸ்,” என்றார் குணாளன்.

“அலமாக்! இத்தனை நாளா முதல் ஜோடிதான் உசத்தின்னு சொன்னீங்க?”

“அது பழக ரெண்டு மாசம் ஆகும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா, புதுசுல கொஞ்சம் இறுக்கமாத்தான் பாடும். தினமும் ஓடவிட்டா, அப்புறம் பாடகரே உங்க ஹால்ல வந்து உக்காந்துருவாரு லா. ஒரு வருஷம் காத்திருந்தவருக்கு ரெண்டு மாசம் பெருசா?”

குணாளன் மலரைப் பார்த்தார்.

“முதல் ஜோடியே குடுங்கண்ணே,” என்றார் மலர். “காலத்துக்கும் இவரு கேக்கப் போறது. நல்லதாவே இருக்கட்டும்.”

“பாத்தீங்களா, தங்கச்சிக்கு இருக்கிற பொறுமை உங்களுக்கு இல்ல!” விஜயேந்திரன் சிரித்தார்.

குணாளன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இவ ரெண்டு மாசம் தாங்க மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாரு பாஸ். இன்னிக்கே நல்லாப் பாடுறதைக் குடுங்க. நாங்க சேந்து கேக்கணும்.”

மலர் தலையைக் குனிந்துகொண்டார். விஜயேந்திரன் இரண்டாவது ஜோடியின் பெட்டியைத் தானே இழுத்து வைத்தார்.

“சாயந்திரமே வந்து மாட்டிக் குடுத்துடறேன்,” என்றார். “தங்கச்சி, வீட்டுல நீங்க எந்த இடத்துல உக்காருவீங்க? அதுக்கு நேராத் திருப்பி வைக்கணும்.”