வெள்ளிக்கிழமை போன்

“ஜும்மா முடிஞ்சதும் போன் பண்ணார். மாங்கா ஊறுகா போட்டாச்சான்னு கேட்டார். இப்பதான் நறுக்கி உப்புல போட்டிருக்கேன்னேன். உப்பு கம்மியாப் போடு, போன தடவை வாய்ல வெக்க முடியலன்னு சிரிச்சார். அவ்ளோதான். வேற இன்னா பேசுவாங்க?”

மண்டபம் சிரித்தது. ரஃபத் ஜஹான் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

வெளியே ஐப்பசி மழை தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. கால்வாய் பக்கமிருந்து ஊறின தோலின் நாற்றம் ஜன்னல் வழியாக வந்தது. ஆம்பூர்க்காரர்கள் யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

“மாங்காயா? இந்த மாசத்துலயா?” என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

“விஷாரத்துல கெடைக்கும் போல. சும்மா கேளுடி” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

ஜியாவுல்லா மைக்கை எடுத்தான். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவன் அவன். அனுப்புவதற்கு முன்னால் குடும்பத்தோடு கூப்பிட்டு வைத்துப் பாடம் எடுப்பதும் அவன்தான்.

“பாத்தீங்களா? ஊறுகாயைப் பத்திப் பேசறாங்க. வேற பேஜார் எதுவும் இல்ல. இவங்க வீட்டுக்காரர் தௌசீப்பை நான்தான் சவுதிக்கு அனுப்பினேன். அதே கம்பெனி, அதே கேம்ப்புக்குத்தான் உங்க ஆளுங்களும் போறாங்க.”

பிறகு விரல் மடக்கிச் சொன்னான். ஒப்பந்தத்தில் ஒரு காப்பி வீட்டில் இருக்க வேண்டும். வீட்டுச் செலவுக்கு ஒரு அக்கவுண்ட், சேமிப்புக்கு இன்னொன்று. எத்தனை வருஷம், எதற்காகப் போகிறோம் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் யாரும் பிளேன் ஏறக் கூடாது.

ரஃபத்தும் மடியில் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள். அவன் சொன்னதில் தப்பே இல்லை. தௌசீப்பை ஏற்றி அனுப்பிய அன்று இதில் ஒன்றைக்கூட அவன் சொல்லவில்லை.

காலையில் மண்டபத்துப் படியில் வைத்து அவளுக்கும் ஒரு பாடம் எடுத்திருந்தான்.

“ஆபா, போன கூட்டத்துல பேசினா மாதிரியே பேசுங்க. ஜாஸ்தியும் வாணாம், கம்மியும் வாணாம். தௌசீப்புக்குக் கம்பெனி தரவேண்டியது அடுத்த மாசம் வந்துடும். நான்தானே பேசிட்டிருக்கேன்?”

எல்லாக் கூட்டத்துக்கும் முன்னால் அவன் சொல்வது அதுதான். அவன்மேல் அடித்த அத்தர் வாசனைக்குக் கால்வாய் நாற்றமே தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஆனால் அந்தக் காசு வந்தால்தான் பெண் முபஷ்ஷிரா காலேஜில் தொடர முடியும். அதைத் தெரிந்துகொண்டுதான் படியிலேயே நிறுத்திப் பேசுகிறான்.

வாணியம்பாடி, திருப்பத்தூர், எங்கே கூட்டம் என்றாலும் கார் அனுப்பிவிடுவான். அவளுடைய சொந்த ஊரான மேல்விஷாரத்தில் நடந்தால் மட்டும் கூப்பிட மாட்டான்.

அவள் பொய் எதுவும் சொல்வதில்லை. தௌசீப் பேசியதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்வாள். பேசி முடித்தால் நாக்கு அழுக்காகிவிட்டது போல இருக்கும். வீட்டுக்குப் போனதும் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பாள்.

சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“எங்கூட்டு ஆளு பக்கத்து ரூம்ல இருந்தே பேச மாட்டாரு. கடல் தாண்டிப் போனாவாவது பேசறாரான்னு பாக்கணும்” என்றாள் ஒருத்தி.

“உன்கிட்டேருந்து தப்பிக்கத்தான் போறாரு” என்றாள் இன்னொருத்தி.

அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து ஒரு சின்னப் பெண் கிட்டே வந்தாள். ஷூ கம்பெனியில் வேலை போல. விரல் நுனியில் பசை காய்ந்து தோல் தோலாக உரிந்துகொண்டிருந்தது.

“அக்கா, நான் நாட்றம்பள்ளிக்கா. ஹேமலதா. எங்கூட்டுக்காரரு வெளியூர்ல ஒரு ராத்திரி தங்கினவரில்ல. பாஷையும் தெரியாது. வாணாம்னு சொல்லத்தான் வந்தேன். உங்களப் பாத்துட்டுத்தான் சரின்னேன். சாப்ட்டு வந்து கையெழுத்துப் போடறோம்.”

ரஃபத்தின் கையில் பிரியாணிப் பொட்டலம் சூடாக இருந்தது. அவள் அதைப் பிரிக்கவில்லை.

இரண்டு நாற்காலி தள்ளி ஜியாவுல்லா ஒரு எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

“ஒரே ஒரு உதவிக்கா” என்றாள் ஹேமலதா. “எங்காளு போய்ச் சேர்றப்ப உங்கூட்டுக்காரரு அங்கதான இருப்பாரு? லீவு போட்டுட்டு ஊருக்கு வந்துட மாட்டாரே? கொஞ்சம் பாத்துக்கச் சொல்லணும்.”

ரஃபத் வாயைத் திறப்பதற்குள் ஜியாவுல்லா முந்திக்கொண்டான்.

“அவர் எங்கம்மா போகப்போறார்? அங்கதான் இருப்பார்” என்றான். மோவாயில் வழிந்த நெய்யைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

ரஃபத் அந்த மோவாயையே பார்த்தாள். பொட்டலத்தை அவன் மேசைமேல் வைத்தாள். முபஷ்ஷிராவின் முகம் ஒரு கணம் வந்து போனது. பசை ஒட்டிய அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

“அவர் சொல்றது நெஜம்தாம்மா. அங்கேயேதான் புதைச்சிட்டாங்க.”