ஆரஞ்சு அலகு

"குனிஞ்சு பாருங்க மாமா, தலையைத் தூக்கிடுச்சு. அலகு ஆரஞ்சு. சீக்கிரம் எழுதுங்க."

நாணல் மறைவில் மண்டியிட்டிருந்த மைத்துனன் டெலஸ்கோப்பை அக்காள் கணவர் பக்கம் தள்ளினான். மாமா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, சாவகாசமாகக் குனிந்தார். அதற்குள் அந்தக் காட்டு வாத்து அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கிவிட்டது.

மணி ஒன்பது இருபது. ஏரியில் நானூறு காட்டு வாத்துகள், இதுவரை எண்ணியதெல்லாம் ரோஸ் அலகு. அதே இனத்தில் ஆரஞ்சு அலகுக் கிளையினம் அழிவின் விளிம்பில் இருந்தது. அதில் ஒன்றே ஒன்று உறுதியானாலும் இந்த வருடம் இங்கே வேட்டை கிடையாது. படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பத்து மணிக்குள் போடாவிட்டால் கரையில் துப்பாக்கிகள் பேச ஆரம்பிக்கும்.

"காலை வெயில்ல எல்லாமே ஆரஞ்சுதான் மச்சான். உன் மூக்கு கூட ஆரஞ்சாத்தான் இருக்கு."

மைத்துனன் பல்லைக் கடித்தான். வயிற்றில் கறுப்புப் பட்டைகள் அடர்த்தி என்றான். வயதான ரோஸ் அலகுக்கும் அப்படி இருக்கும் என்றார். வால் நுனியின் வெள்ளை ஓரம் மெலிசு என்றான். ஸ்கேல் வைத்து அளந்தாயா என்று கேட்டார். அக்கா இந்த மனிதரோடு பதினோரு வருடம் எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள்?

ஒன்பது நாற்பதுக்கு மேகம் வந்து வெளிச்சம் வெளுத்தது. வாத்து எழவில்லை. மாமா பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டார்.

"உங்களோட துணிக்கடைக்குப் போனா, கடை சாத்தற வரைக்கும் கலர் பார்ப்பீங்க."

"பார்ப்பேன். வீட்டுக்கு வந்தப்புறம் மாத்த முடியாதுல்ல."

ஒன்பது ஐம்பத்தைந்து. வாத்து எழுந்து, சிறகை உதறி, நேராகத் திரும்பி நின்றது. மாமா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு 'ஆரஞ்சு அலகு - ஒன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மைத்துனன் படிவத்தைப் பிடுங்கித் தன் பெயரைக் கிறுக்கினான்.

"இதை அரைமணி முன்னாடியே போட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் மாமா?"

"அவசரத்துல போட்டிருந்தா, எங்க ஆளுங்க அதை ஊதித் தள்ளியிருப்பாங்க."

மாமா போனைக் காதில் வைத்தார்.

"வேட்டைச் சங்கத் தலைவர் பேசறேன். நானே என் கண்ணால பார்த்துட்டேன். எல்லாரையும் துப்பாக்கியை உறையில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லு."