சோறு தொடாத கிடாரி

கறிச்சோற்றுத் தட்டை அதன் மூக்குக்கு நேரே வைத்தேன்.

"இந்தா கிடாரி, தின்னு. கிடாரி!"

எச்சில் ஒழுகியது. ஆனால் வாய் வைக்கவில்லை. பின்னங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டது.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. விலா எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிற நாய்க்கு இத்தனை வீம்பு ஆகுமா?

என் வீட்டுக்காரர் மாயவன் ஓசூர்ப் பக்கம் ஒரு கொரியாக்காரருக்குக் கார் ஓட்டுகிறார். அந்த பார்க் சார், அப்பாவுக்கு முடியவில்லை என்று அவசரமாக ஊருக்குப் போனபோது நாயை அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டில் விட்டுப் போனார். காலையில் காரில் ஏறுமுன் நாயைப் பார்த்து "கிடாரி" என்பாராம். கன்றுக்குட்டிப் பேரை நாய்க்கு வைத்திருக்கிறாரே என்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வந்து ஒரு வாரமாக ஒரு பருக்கை தொடவில்லை; மாட்டுத் தொட்டியில் தண்ணீர் மட்டும் தானாகப் போய்க் குடிக்கிறது.

இவர் செல்போனில் தேடிப் படித்தார். ஜிண்டோ என்ற தீவில் பிறந்த ஜாதி நாயாம். காட்டுப்பன்றியையே மடக்குமாம். ஒரே எஜமான்தானாம்.

"ரோசக்கார நாயி. உசுரே போனாலும் நம்ம கையில திங்காது" என்று கையை விரித்துவிட்டார்.

இன்றைக்குள் தின்னாவிட்டால் தாங்காது என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சார் முகத்தையாவது பார்த்துவிட்டுப் போகட்டும் என்று வீடியோ கால் போடச் சொன்னேன்.

சாரைக் கண்டதும் வால் ஆடியது. உட்கார்ந்த இடத்தை விட்டு மட்டும் நகரவில்லை.

நான் தட்டை இன்னும் கிட்டே தள்ளிக் கெஞ்சினேன். "கிடாரி, கிடாரி, எஞ்சாமி இல்ல!"

சாருக்கு முகம் மாறியது. படபடவென்று இங்கிலீசில் ஏதோ கேட்டார்.

"என்னங்க சொல்றாரு?"

"கோகிலா, அது பேரு இல்லியாம். அவங்க பேச்சுல 'பொறு'ன்னு அர்த்தமாம். சோத்த வெச்சிட்டு எதுக்குப் பொறு பொறுங்கறீங்கன்னு கேக்கறாரு."

அடிப்பாவி! இத்தனை நாளும் நானேதான் அதைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

சாரே போனில் "மொகோ, மொகோ" என்று கத்தினார். தின்னு என்று அர்த்தமாம். நாய் அசையவில்லை. பொறுக்கச் சொன்னவள் நான்தானே, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மொகோ" என்றேன்.

தட்டோடு கவிழ்ந்து விழுந்து தின்றது.