வீட்டுக்கு ஒரு கேள்வி

"மருந்து கண்டுபிடிக்கச் சொல்லியா போடுவீங்க? அதுவரைக்கும் அவ இருப்பாளா? வலி குறையணும்னு போடுங்க!" எதிர் ஃபிளாட் செண்பகவல்லி தன் கணவன் தயாநிதியிடம் கத்தினாள். நான் கதவைத் திறந்துவைத்திருந்தது காற்றுக்காகத்தான்.

பிழைக்க வழியில்லாத குழந்தை இருக்கும் வீட்டுக்கு அரசு ஆய்வகத்திடம் கேட்க ஒரே ஒரு கேள்வி. அந்தக் குழந்தைக்காக ஆய்வகம் அதை மட்டும்தான் ஆராயும். ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். இன்னும் பத்தே நிமிடம்.

"சண்டை போடாதீங்க. நானே அனுப்பிட்டேன்" என்றாள் ஹாலில் படுத்திருந்த எட்டு வயது இதழினி.

"என்னடி கேட்ட?" என்றாள் செண்பகவல்லி.

"நான் போனப்புறம் நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருப்பீங்களான்னு."

அவள் போய் இரண்டு வருடமாகிறது. தயாநிதி ஆவடிக்குக் குடிபோய்விட்டான். செண்பகவல்லி ஓசூரில் இன்னொருவரைக் கட்டிக்கொண்டாள். ஆய்வகத்துப் பெண் மட்டும் அந்தக் கேள்விக்காக மாதம் தவறாமல் இரண்டு வீட்டுக்கும் போகிறாளாம்.